மயிற்பீலியும் லைஃப் ஜாக்கெட்டும்

கயாக்கில் ஏறி மீன் பிடிக்கப் போக நினைப்பவர் கரையிலேயே ஒரு பட்டியல் போட்டாக வேண்டும். துடுப்பு, லைஃப் ஜாக்கெட், விசில், கத்தி, தூண்டில் கோல், ரீல், நரம்பு, முள், கோலைச் செருகி நிறுத்தும் குழாய், நங்கூரம், ஃபிஷ் ஃபைண்டர், வி.எச்.எஃப். ரேடியோ, குளிர் தாங்கும் உடை, குடிநீர், விளக்கு என்று அது நீண்டுகொண்டே போகும். இவற்றில் கட்டாயம் வேண்டியவை எவை, இருந்தால் நல்லவை எவை என்று பிரிக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் தெரியும். விற்பவரைக் கேட்டால் பாதிக்கு மேல் கட்டாயம் என்பார். சிக்கனத்தை அறமாகக் கொண்டவர் துடுப்பும் தூண்டிலும் போதும் என்பார். இருவரும் எந்த அளவுகோலால் பிரிக்கிறார்கள் என்று கேட்டால் தெளிவான பதில் வராது. மனிதனுக்கு உண்மையில் எது தேவை என்ற இந்தக் கேள்வியைப் புத்தரின் சங்கமும் சமண முனிவர்களும் கிரேக்கத் தத்துவவாதிகளும் தங்கள் வாழ்க்கையையே பணயம் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடைகளை ஒரு சிறு படகின் மேல் வைத்துப் பார்த்தால், பொதுவாக நாம் கையாளும் மூன்று அளவுகோல்களும் பிழையானவை என்று தெரிகிறது. ஒரு பொருளை எவ்வளவு விரும்புகிறோம், எத்தனை முறை எடுத்துப் பயன்படுத்துகிறோம், நினைத்த காரியத்துக்கு அது எவ்வளவு உதவுகிறது என்பவை அந்த மூன்று. அவற்றின் இடத்தில் இரண்டு கேள்விகளை வைக்க வேண்டும் என்பது என் வாதம். அந்தப் பொருள் இல்லாததால் வரும் கேட்டைப் பின்னால் சரிசெய்ய முடியுமா? அந்தக் கேடு யார் தலையில் விழும்?

இந்தக் கேள்வியைச் சோதிக்கக் கயாக் நல்ல இடம். வீட்டில் ஒரு பொருள் கூடுதலாக இருந்தால் அலமாரியில் கிடக்கும். அதற்கு விலை கொடுப்பது தெரியவே தெரியாது. கயாக்கில் அப்படி முடியாது. ஒவ்வொரு கயாக்குக்கும் தாங்கும் எடை என்று ஒரு வரம்பு உண்டு. ஆளின் எடையும் பொருள்களின் எடையும் சேர்ந்து அந்த வரம்பை நெருங்க நெருங்க, படகு தண்ணீரில் தாழ்ந்து உட்காரும், அலை எளிதாக மேலேறும், திருப்புவது கடினமாகும். உயரத்தில் பொருத்தியவை எல்லாம் சாய்வைக் கூட்டும். அதே நேரத்தில், விட்டுவந்த ஒன்றை எடுக்கத் திரும்பி ஓடவும் முடியாது. கூடுதலுக்கும் தண்டனை, குறைவுக்கும் தண்டனை என்ற நெருக்கடி இங்கே உண்டு. ஆகவே தேவை என்பதற்கு நாம் தரும் விளக்கம் சரியா தவறா என்பது இங்கே சொல்லளவில் நிற்பதில்லை; உடம்பு அதன் விளைவைச் சுமக்கிறது.

மீன் பிடிக்கப் போகிறவரின் பட்டியலில் முதலில் வருவது தூண்டில்தான். அது இல்லாமல் மீன் பிடிப்பது எப்படி என்று கேட்பது நியாயமாகவும் படும். அரிஸ்டாட்டில் தம் மெய்ப்பொருளியல் நூலின் ஐந்தாம் பகுதியில் இன்றியமையாதது என்பதன் வெவ்வேறு பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறார். மூச்சும் உணவும் போல, எது இல்லாவிட்டால் உயிர் வாழவே முடியாதோ அது ஒரு வகை. ஒரு நன்மையை அடையவோ ஒரு தீமையிலிருந்து விடுபடவோ எது வேண்டுமோ அது இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைக்கு அவர் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, பணத்தைப் பெற்றுவர ஏஜினா தீவுக்குக் கடல் கடந்து போவது. பணம் வேண்டுமென்றால் பயணம் கட்டாயம். பணம் வேண்டாமென்றால் பயணமும் வேண்டாம். தூண்டில் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மீன் பிடிப்பது என்ற நோக்கம் இருக்கும் வரைக்கும்தான் அதற்குக் கட்டாயம் என்ற தகுதி. தூண்டிலை மறந்து கடலுக்குப் போனவருக்கு நேரும் இழப்பு ஒரு காலைப்பொழுது. அவர் துடுப்பு வலித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பலாம், மறுநாள் தூண்டிலோடு போகலாம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் போய்க் கவிழ்ந்தவருக்கு அந்த மறுநாள் கிடைக்காமல் போகலாம். காரியம் கெடுவதையும் காரியம் செய்பவர் அழிவதையும் ஒரே தட்டில் வைத்து இரண்டுக்கும் கட்டாயம் என்று பெயரிடுவதுதான் நம் பட்டியல்களின் அடிப்படைப் பிழை. கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும், பொழுதுபோக்காக மீன் பிடிப்பவருக்குத் தூண்டில் அத்தியாவசியப் பொருள் ஆகாது.

எத்தனை முறை பயன்படுகிறது என்ற அளவுகோலும் இங்கே உடைந்துபோகிறது. ரீலைக் கை நொடிக்கொரு தரம் தொடுகிறது. விசிலை ஆண்டு முழுவதும் யாரும் ஊதாமல் இருக்கலாம். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும் வேலையைப் பல ஆண்டுகளில் ஒரு முறைகூடச் செய்யாமல் போகலாம். ஆயினும் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் புள்ளிவிவரம் சொல்வதைக் கேளுங்கள். 2022-இல் அந்நாட்டில் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 636 பேர். இறப்பின் காரணம் தெரிந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் நீரில் மூழ்கி இறந்தவர்கள். அப்படி மூழ்கியவர்களில், அணிந்திருந்தார்களா இல்லையா என்று தெரியவந்தவர்களை எடுத்துக்கொண்டால், 85 விழுக்காட்டினர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. பெரும்பாலோர் எப்போதுமே அணிவதில்லை, ஆகவே இறந்தவர்களிலும் அவர்களே மிகுதியாக இருக்கிறார்கள் என்று இந்த எண்ணை ஒருவர் ஓரளவு குறைத்துச் சொல்லலாம். ஆனால் லைஃப் ஜாக்கெட் ஏன் வேண்டும் என்று காட்ட எண் தேவையில்லை, உடலின் கணக்கே போதும். பெரும்பாலான பெரியவர்களின் தலை நீருக்கு மேல் நிற்க மூன்று முதல் ஐந்தரைக் கிலோ வரையிலான கூடுதல் மிதப்பு போதும். கயாக்காரர்கள் வழக்கமாக அணியும் வகை ஏறக்குறைய ஏழு கிலோ தருகிறது. களைத்த நிலையில் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத வேலையை அது செய்கிறது.

அமெரிக்கச் சட்டத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. கயாக்கில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட் இருந்தாக வேண்டும் என்று நாடு முழுமைக்குமான விதி சொல்கிறது. ஆனால் படகு நகரும்போது அணிந்தே இருக்க வேண்டும் என்று அது பொதுவாகக் கட்டாயப்படுத்துவது 13 வயது நிறையாத குழந்தைகளை மட்டுமே. பெரியவர் அதை இருக்கைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தாலும் விதி நிறைவேறிவிடும். கவிழ்ந்த பிறகு அலையில் மிதந்து போகும் சட்டையைத் துரத்திப் பிடித்து, நீரில் கிடந்தபடி கைநுழைத்துப் பூட்டுவது எத்தனை கடினம் என்பதைப் படகோட்டப் பழகியவர்கள் நன்கு அறிவார்கள். ஒரு பொருள் நம்மிடம் இருப்பதாலேயே தேவை நிறைவேறிவிட்டது என்று எண்ணுவது உடைமை மனத்தின் பழக்கம். தேவை நிறைவேறுவது பொருள் தன் வேலையைச் செய்யும் இடத்தில் இருக்கும்போதுதான். பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் விசிலும், பையின் அடியில் கிடக்கும் கத்தியும், நீர்புகா உறைக்குள் போடாத ரேடியோவும் பட்டியலில் இடம்பெறலாம். தண்ணீரில் விழுந்தவருக்கு அவை இல்லாதவையே.

எபிகூரஸ் மெனோசியஸுக்கு எழுதிய கடிதத்தில் விருப்பங்களை வகைப்படுத்துகிறார். சில இயல்பானவை, சில வெற்றானவை. இயல்பானவற்றில் சில மட்டுமே தேவையானவை. அவற்றிலும் மகிழ்ச்சிக்கு வேண்டியவை, உடல் துன்பமின்றி இருக்க வேண்டியவை, உயிர் வாழவே வேண்டியவை என்று பிரிவுகள் உண்டு. நிறைவேறாமல் போனாலும் வலி தராத விருப்பம் தேவையானது அன்று என்பது அவர் போக்கு. பொருளின் இன்பத்தைப் பார்க்காமல் அது இல்லாமையின் விளைவைப் பார்க்கச் சொன்னது அவர் செய்த பெரிய உதவி. அதை இன்னும் ஓர் அடி முன்னால் கொண்டுபோக வேண்டும். இல்லாமை தரும் வலி எத்தகையது, அது ஆறக்கூடியதா, ஆறாததா என்று கேட்க வேண்டும். ஃபிஷ் ஃபைண்டர் இல்லாவிட்டால் மீன் கூட்டம் இருக்கும் இடம் தெரியாமல் அலைய நேரும்; அந்த வலி மாலைக்குள் ஆறிவிடும். வட அட்லாண்டிக் கரைகளிலோ அமெரிக்காவின் வடக்குக் கடல்களிலோ குளிர் தாங்கும் உடையின்றிக் கவிழ்ந்தால் வரும் வலி வேறு. மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் விழுவோருக்காக 1-10-1 என்று ஒரு கணக்கைப் பரப்பினார். திணறும் மூச்சை அடக்கி நிலைக்குக் கொண்டுவர ஒரு நிமிடம். கையும் காலும் பயனுள்ளபடி இயங்க ஏறக்குறைய பத்து நிமிடம். உடல் வெப்பம் இழந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதனால்தான் வெயில் காயும் வசந்தகால நாளிலும் அங்கே கயாக்காரர்கள் காற்றின் வெப்பத்தைப் பாராமல் தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்து உடுத்துகிறார்கள். உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அந்த உடை மிகை. விழப்போகும் இடத்திலிருந்து பார்த்தால் அது உயிர். தேவையை அளக்க நிற்க வேண்டிய இடம் இரண்டாவது இடம்தான்.

இனிச் சமயங்கள் போட்ட பட்டியல்களுக்கு வருவோம். பௌத்தத் துறவிக்கு எட்டுப் பொருள்கள் அனுமதி: மூன்று சீவர ஆடைகள், பிச்சைப் பாத்திரம், மழிக்கும் கத்தி, ஊசி, இடைக்கச்சு, நீர் வடிகட்டி. ஏழு பொருள்களின் பயன் எளிதில் விளங்கும். உடுக்க, உண்ண, மழிக்க, தைக்க, கட்ட. எட்டாவதாக வடிகட்டி ஏன்? தண்ணீரிலுள்ள சிற்றுயிர்கள் குடிக்கும்போது மடியாமல் காப்பதற்காக. விநய பிடகத்தில் இதைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று பதிவாகியிருக்கிறது. கோசல நாட்டில் இரண்டு துறவிகள் வழி நடக்கிறார்கள். ஒருவரிடம் வடிகட்டி உண்டு, மற்றவரிடம் இல்லை. இருவருக்கும் மனத்தாங்கல். கேட்டும் தராததால், வடிகட்டி இல்லாதவர் நீர் அருந்தாமல் இறந்துபோகிறார். அதன்பின் புத்தர் விதி வகுக்கிறார்: வழிநடையில் கேட்பவருக்கு வடிகட்டியை மறுக்கக் கூடாது, வடிகட்டியின்றி நெடுவழி போகவும் கூடாது, அது கிடைக்காவிட்டால் மேலாடையின் ஓரத்தையே வடிகட்டியாகக் கொள்ளலாம். உடைமையை எட்டாகச் சுருக்கிய ஒரு மரபு, அந்த எட்டில் ஒன்றை இல்லாமல் போகாதே என்று கண்டிப்பாகச் சொல்கிறது. எளிமைக்கும் ஆயத்தத்துக்கும் பகை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

திகம்பரச் சமண முனிவர் இன்னும் கடுமையான எல்லைக்குப் போகிறார். உடையை விட்டுவிடுகிறார். நின்றபடி உள்ளங்கையில் உணவை வாங்கி உண்பதால் பாத்திரம் வேண்டாம். தலைமயிரைக் கையால் பறித்துக்கொள்வதால் மழிப்புக் கத்தி வேண்டாம். பௌத்தர் பட்டியலில் எஞ்சியிருந்த பெரும்பாலானவை இங்கே உதிர்ந்துவிட்டன. ஆனால் அவர் கையில் தூய்மைக்கான நீர்க் கமண்டலம் இருக்கிறது, மயில் தானாக உதிர்த்த பீலிகளைக் கட்டிய பிஞ்சி இருக்கிறது. உட்காரும் இடத்தையும் பொருள் வைக்கும் இடத்தையும் அந்தப் பீலியால் மெல்ல வருடி, அங்கிருக்கும் சிற்றுயிர்களை நோகாமல் அகற்றுகிறார். தமிழ்ப் பக்திப் பாடல்கள் சமணரைச் சுட்டும்போது பீலியையே அவர்கள் அடையாளமாகக் கண்டன. தன் உடம்பை மூடும் துணியைக்கூட விட்டவர், பிற உயிரைக் காக்கும் பீலியை விடவில்லை. இதில் இருக்கும் தத்துவம் எபிகூரஸிடம் இல்லாதது. அவர் தன் வலியை வைத்துத் தேவையை அளந்தார். சமண முனிவரின் பட்டியல், தன் வலியைக் கடைசியிலும் பிறர் வலியை முதலிலும் வைத்து அளக்கிறது. தனக்கு வேண்டியதைக் குறைத்துக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு முழுமையாக உண்டு. தன்னால் பிறருக்கு நேரக்கூடிய கேட்டைத் தடுக்கும் பொருளைக் குறைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை.

இங்கே முதல் மறுப்பு எழும். கயாக்கில் தனியாகப் போகிறவர் தன் உயிரைத்தான் பணயம் வைக்கிறார், இதில் பிறர் எங்கே வந்தார்கள் என்பார்கள். ஜான் ஸ்டுவர்ட் மில் 1859-இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூல், தன்னை மட்டும் பாதிக்கும் செயலில் மனிதனைச் சமூகம் வற்புறுத்தக் கூடாது என்று வாதிடுகிறது. அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கடலில் தன்னை மட்டும் பாதிக்கும் செயல் மிகக் குறைவு. ஆள் கரை திரும்பவில்லை என்று தெரிந்ததும் யாரோ தேடிப் புறப்படுகிறார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1824-இல் தோன்றிய ஆர்.என்.எல்.ஐ. அமைப்பின் மீட்புப் படகுகளில் போகிறவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத உள்ளூர்த் தொண்டர்கள். 1981 டிசம்பரில் கார்ன்வால் கரையருகே எஞ்சின் நின்றுபோன ஒரு கப்பலில் இருந்தவர்களைக் காப்பாற்றப் போன சாலமன் பிரவுன் என்ற மீட்புப் படகின் எட்டுத் தொண்டர்களும் மாண்டார்கள். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆபத்து ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எப்படிக் கைமாறுகிறது என்பதையே இந்த நிகழ்ச்சி காட்டுகிறது. விசிலும் விளக்கும் ரேடியோவும், எப்போது திரும்புவேன் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவைத்த செய்தியும் தேடும் நேரத்தைக் குறைக்கின்றன. அந்த அளவுக்கு அவை தேடுபவரின் உயிருக்கான பொருள்கள். கயாக்காரரின் கையில் உள்ள பீலி என்று அவற்றைச் சொல்லலாம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. தேவை என்பது இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுவது, அதற்கு நிலையான அளவுகோல் ஏது என்பது அது. ஆடம் ஸ்மித் 1776-இல் இதைக் கவனித்தார். லினன் சட்டை உயிர் வாழக் கட்டாயம் அன்று. ஆயினும் அவர் காலத்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கூலித் தொழிலாளிகூட அது இல்லாமல் வெளியே வர வெட்கப்படுவார், ஆகவே அதுவும் இன்றியமையாததே என்றார். அப்படியானால் எல்லோரும் ஃபிஷ் ஃபைண்டர் பொருத்தியிருக்கும் ஒரு துறையில் அதுவும் தேவைதானே? அமர்த்தியா சென் 1983-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த முடிச்சை அவிழ்க்கிறார். மனிதர் எதைச் செய்யவும் எவ்வாறு இருக்கவும் இயல வேண்டும் என்ற அளவில் தேவை நிலையானது. அதற்கு வேண்டிய பொருள்கள்தாம் ஊருக்கு ஊர் மாறுகின்றன. கிரீன்லாந்தின் இனுயிட் வேட்டைக்காரர் இதை மெய்ப்பிக்கிறார். அவருடைய கயாக் அவர் உடலளவுக்கே கட்டப்பட்டது. மரச்சட்டத்தின் மேல் இழுத்துத் தைத்த சீல் தோல். மேலே அணியும் தோல் அங்கி முகத்தையும் மணிக்கட்டையும் இறுகப் பிடித்து, இருக்கைத் துளையின் விளிம்போடு சேர்ந்து தண்ணீர் புகாமல் அடைத்துவிடும். கவிழ்ந்தால் படகை விட்டு வெளியே வராமல், துடுப்பை வீசிப் புரண்டு எழுவார். உறைநீரில் நீந்துவது வழியே அன்று. இன்றைய லைஃப் ஜாக்கெட் அவரிடம் இல்லை. ஆனால் மூச்சுக்குத் திரும்பி வரும் வழி அவரிடம் இருந்தது, அதுதான் நிலையான தேவை. மேலாடையின் ஓரமே வடிகட்டியாகலாம் என்ற விநய விதியும் இதே உண்மையைச் சொல்கிறது. அதோடு, அவர் தோல் அங்கி பயிற்சி இல்லாமல் பயன்படாது, பயிற்சியும் அங்கி இல்லாமல் பயன்படாது. நன்றாக நீந்தத் தெரியும், ஆகவே எதுவும் வேண்டாம் என்பவருக்கும், எல்லாம் வாங்கிவிட்டேன், ஆகவே பழக வேண்டாம் என்பவருக்கும் இதில் பாடம் உண்டு.

நம் கரையிலிருந்தும் ஒரு சான்று எடுக்கலாம், அது இந்த வாதத்துக்குக் கடினமான சான்று. கட்டுமரம், கனமில்லாத மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்வது. மேலே ஏறிய நீர் இடுக்குகள் வழியே இறங்கிவிடும். நிரம்பி மூழ்க அதில் உட்குழிவே இல்லை. இன்று மீன் பிடிப்போர் விரும்பும், மேலே அமர்ந்து ஓட்டும் வகைக் கயாக்கும் இதே தத்துவத்தில் இயங்குகிறது. அதன் தளத்துத் துளைகள் அலைநீரை வடித்துவிடும். மிதப்பு என்ற தேவையைக் கட்டுமரக்காரர் படகின் உடலிலேயே வைத்துக்கட்டினார். ஆனால் அவர் தூண்டிலையோ வலையையோ விட்டுவிட்டுக் கடலுக்குப் போக முடியுமா? வெறுங்கையோடு அவர் திரும்பினால் இழப்பு ஒரு காலைப்பொழுதோடு முடியாது. அடுப்பு எரியாது, கடன் ஏறும், பிள்ளையின் படிப்பு நிற்கும். வலை அவருக்கு அத்தியாவசியம். பொழுதுபோக்குக்காரருக்குத் தூண்டில் அத்தியாவசியம் அன்று என்று நான் சொன்னதற்கு இது முரண் என்று தோன்றலாம். இரண்டு பட்டியல்களும் வெவ்வேறு. இரண்டையும் எழுதிய கேள்வி ஒன்றே. இல்லாமையால் ஆறாத கேடு வருமா, அது யார் மேல் விழும்? மீனவக் குடும்பத்தில் அந்தக் கேடு குழந்தைகள் மேல் விழுகிறது. வலைக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஒருவர் தள்ளப்பட்டால், அந்தப் பழியை அவர் மேல் சுமத்துவது அறமாகாது. இரண்டும் அவருக்கு அத்தியாவசியம் என்பதால் ஒன்றையாவது ஏற்பது சமூகத்தின் கடமையாகிறது.

மூன்றாவது மறுப்பு நடைமுறையிலிருந்து வருவது. ஆறாத கேட்டை அளவுகோலாக வைத்தால் அச்சத்துக்கு எல்லை ஏது? ஒரு ரேடியோ கெட்டால் இன்னொன்று, அதுவும் கெட்டால் மூன்றாவது என்று கட்டாயப் பட்டியல் நிறைந்துவிடாதா? நிறையாது, ஏனென்றால் மிகையும் கேடு தரும் என்பதை அதே அளவுகோல் பார்க்கிறது. தளம் முழுக்கக் கோல்களும் கயிறுகளும் பெட்டிகளும் நிற்கும் கயாக்கில், கவிழ்ந்த பிறகு மறுபடி ஏறுவது கடினம். நரம்பும் கயிறும் காலில் சுற்றும். ஓடும் நீரில் தவறான இடத்தில் கட்டிய நங்கூரம் படகையே கீழே இழுக்கும். உடனே விடுவிக்கும் ஏற்பாடு இல்லாத நங்கூரத்தைக் கொண்டுபோகாமல் இருப்பதே பாதுகாப்பு. துடுப்பைப் படகோடு பிணைக்கும் கயிறு காற்றடிக்கும் திறந்த கடலில் உயிர் காக்கும், கரையலை உடையும் இடத்தில் உடம்பைச் சுற்றிக்கொள்ளலாம். ஆகவே காக்கும் பொருள் என்று பெயர் வாங்கிய எதுவும் மூன்று சோதனைகளில் தேற வேண்டும்: ஆபத்து நேரத்தில் கைக்கு எட்டுமா, அதைப் பயன்படுத்திப் பழகியிருக்கிறோமா, மற்றொரு காப்பை அது தடுக்குமா. தேறாதது எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் கட்டாயப் பட்டியலிலிருந்து நீங்க வேண்டியதே. ஹோபி நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த மிதிப்பெடல் இயக்கம் கைகளுக்கு விடுதலை தந்த அருமையான கண்டுபிடிப்பு. ஆனாலும் பெடல் உடைந்தால் கரை சேர்க்கத் துடுப்பு ஒன்று படகில் இருக்க வேண்டும். இருந்தால் நல்லவை என்ற வரிசையை நான் இழிவாகக் கருதவில்லை. கோல் தாங்கும் குழாயும் வசதியான இருக்கையும் ஃபிஷ் ஃபைண்டரும் மகிழ்ச்சி தருபவை, மகிழ்ச்சி தவறன்று. அவை கட்டாயமானவற்றின் இடத்தையும் பணத்தையும் தின்னும்போதுதான் தவறு தொடங்குகிறது.

வருவது வந்தே தீரும், எதைச் சுமந்து என்ன பயன் என்ற நான்காவது மறுப்பு நம் நாட்டுக்குப் புதிதன்று. எல்லாம் நியதிப்படியே நடக்கும் என்ற ஆசீவகக் கொள்கையைப் புத்தர் கடுமையாக மறுத்தார். தமிழில் நீலகேசி என்ற சமண நூல் ஆசீவகரோடு வாதிட ஒரு சருக்கத்தையே ஒதுக்கியது. முயற்சிக்குப் பயன் இல்லையென்றால் துறவுக்கும் அறத்துக்கும் கூடப் பயன் இல்லாமல் போகும் என்பதை இவ்வாறு மறுத்தவர்கள் கண்டார்கள். விதியை நம்புகிறவர் உண்மையில் எல்லாவற்றையும் விதியிடம் விடுவதும் இல்லை. மீன் கடிக்க வேண்டும் என்று நல்ல இரையைத் தேடி வாங்குகிறார், முள்ளைத் தீட்டுகிறார். மீன் விஷயத்தில் முயற்சியையும் உயிர் விஷயத்தில் விதியையும் நம்புவது சமய நம்பிக்கை ஆகாது.

எல்லாவற்றையும் விட வலுவான மறுப்பைச் சமணரே எழுப்புவார். சிற்றுயிரைக் காக்கும் பீலியை எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டு மீன் கொல்லும் பயணத்துக்கு அறம் பேசுவது எப்படித் தகும்? இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை, இருப்பதாகக் காட்டுவதும் நேர்மையாகாது. இந்த வாதம் மீன் பிடிப்பதை நியாயப்படுத்தவில்லை. பிற உயிரின் கேடு என்ற அளவுகோலை ஏற்பவர், பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியைத் தன்னிடம் கேட்டே ஆக வேண்டும். கேட்ட பிறகும் போகிறவருக்கு அந்த அளவுகோல் ஒரு கடமையை வைக்கிறது. பிடித்து விடுவிப்பவராக இருந்தால், எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளும், முள்ளை விரைந்து கழற்றும் குறடும், செதிலையும் மேல்தோலின் வழுவழுப்பையும் உரிக்காத ரப்பர் வலையும் அவருக்கு இருந்தால் நல்லவை அல்ல, இல்லாமல் போகக் கூடாதவை. உண்ணப் பிடிப்பவராக இருந்தால், மூச்சுத் திணறிச் சாக விடாமல் ஒரே அடியில் முடிக்கும் கருவி இல்லாமல் போகக் கூடாது. அறுந்து கடலில் விட்ட நரம்பு பறவைகளையும் ஆமைகளையும் சுற்றிக் கொல்லும் என்பதால், கழிந்த நரம்பைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பையும் அப்படியே. குறடு மீனவரின் வசதிப் பட்டியலில்தான் வழக்கமாக இடம்பெறுகிறது. மீனின் பக்கமிருந்து பார்த்தால் அதன் இடம் லைஃப் ஜாக்கெட்டுக்கு அடுத்தது.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் கையில் உள்ள பணத்தை எந்த வரிசையில் செலவிட வேண்டும் என்பது தெளிவாகிறது. முதலில் மிதக்க வைப்பதும், அந்தக் கடலின் குளிருக்கு ஏற்ற உடையும், கரைக்குத் திருப்பிக் கொண்டுவரும் துடுப்பும், கவிழ்ந்து ஏறப் பழகும் பயிற்சியும். அடுத்து, தேடி வருபவரின் ஆபத்தைக் குறைக்கும் விசில், விளக்கு, ரேடியோ, கரையில் விட்ட செய்தி. அதற்கடுத்து, பிடிபடும் உயிரின் துன்பத்தைக் குறைப்பவை. நல்ல தூண்டிலும் ரீலும் நான்காவதாக வரட்டும். முதல் பருவத்துக்கு இரவல் தூண்டில் போதும், இரவல் லைஃப் ஜாக்கெட் உடம்புக்குப் பொருந்தாமல் போகலாம். தேவையைக் குறைத்து வாழ்வதே மேலான வாழ்வு என்று நம் சமயங்கள் சொல்லும்போது நாம் பொருள்களின் எண்ணிக்கையையே எண்ணிக்கொண்டிருந்தோம். பௌத்தரின் எட்டும் திகம்பரரின் மிகச் சிலவும் எண்ணிக்கையில் வேறுபட்டாலும் ஓர் ஒழுங்கில் ஒன்றுபடுகின்றன: பிறர் உயிருக்கு வேண்டியது கடைசி வரை கையில் இருக்கும், தன் சுகத்துக்கு வேண்டியது முதலில் உதிரும். கயாக்கை ஏற்றும்போது இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கக் கற்றவர், வீட்டுச் செலவிலும் பொதுப்பணத்திலும் அதையே கேட்கத் தொடங்கலாம். ஒரு நகராட்சி பூங்காவின் அலங்கார விளக்குக்கும் சாக்கடைத் தொழிலாளியின் பாதுகாப்பு உடைக்கும் பணம் ஒதுக்கும்போது, எது இல்லாவிட்டால் ஆறாத கேடு யாருக்கு நேரும் என்ற கேள்வியிலிருந்துதான் கணக்கை ஆரம்பிக்க வேண்டும்.